வெள்ளிக்கிழமை வெல்லம்

07-06-2019 வெல்லம் 1 கிலோ ரூ. 48
10-01-2020 வெல்லம் 2 கிலோ ரூ. 104
16-07-2021 வெல்லம் 3 கிலோ ரூ. 165
13-01-2023 வெல்லம் 5 கிலோ ரூ. 300
14-06-2024 வெல்லம் 7 கிலோ ரூ. 441
12-07-2024 வெல்லம் 10 கிலோ ரூ. 650
30-08-2024 வெல்லம் 15 கிலோ ரூ. 990
27-09-2024 வெல்லம் 15 கிலோ ரூ. 990
04-10-2024 வெல்லம் 1 கிலோ ரூ. 66

எல்லாம் பூசை நடந்த வெள்ளிக்கிழமைகள். எடை மாறிய வாரங்களை மட்டும் எழுதியிருக்கிறேன். கடைசிக்கு முந்தைய வரியில் எடை மாறவில்லை. ஆனாலும் அது இங்கே வர வேண்டியது. காரணம் பின்னால் வரும். இவ்வளவு வெல்லத்தையும் வாங்கியவர் சேத்தூர் கருத்தையா. கடைசி இரண்டு வரிகள் நீங்கலாக, சாப்பிட்டவை பாக்டீரியாக்கள்.

ராஜபாளையத்திலிருந்து செட்டியார்பட்டி போகும் வழியில் உள்ள ஒரு வெளுப்பு ஆலையில் கருத்தையா வேலை பார்த்தார். நான் அங்கே கணக்கு எழுதினேன். காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணியை வெளுப்பதுதான் ஆலையின் தொழில். தறியிலிருந்து வரும்போது அந்தத் துணி பழுப்பாகவும் விறைப்பாகவும் இருக்கும். விறைப்புக்குக் காரணம் கஞ்சி. பாவு நூல் அறுந்து போகாமல் இருக்க நெசவுக்கு முன் கஞ்சி போடுவார்கள். காயத்தின் மேல் கஞ்சி ஆகாது என்பதால் அதைக் கழுவி எடுத்து, துணியைக் காரத்தில் வேகவைத்து, வெளுத்து, அலசுவார்கள். துணி ஆஸ்பத்திரிக்குப் போகும். கஞ்சி கலந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். அப்படிப் போகக் கூடாது என்று அரசாங்கம் சொன்னதால் 2019-ல் ஆலையின் பின்புறம் ஒரு தொட்டி கட்டினார்கள்.

கருத்தையா அதற்கு முன்பு துணியை உருளையில் சுற்றிச் சுற்றி அலசும் ஜிகர் எந்திரத்தில் நின்றவர். ஒரு நாள் காரத் தண்ணீர் இடது கையில் தெறித்தது. இரண்டு விரல்கள் அதன்பின் மடங்கவில்லை. தொட்டியைப் பார்த்துக்கொள்ள விரல்கள் மடங்க வேண்டியதில்லை என்று முதலாளி சீதாபதி ராஜா அவரைத் தொட்டிக்கு மாற்றினார். கருத்தையாவுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது.

தொட்டியைத் தொடங்கிவைக்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். சாணிக் கரைசலை ஊற்றினார். ப்ளோயரைப் போட்டுக் காற்றை உள்ளே விட்டார். வெல்லத்தைக் கரைத்து ஊற்றினார். கருத்தையாவை அழைத்து, இதற்குள் கோடிக்கணக்கில் உயிர் இருக்கிறது, அவைதான் கஞ்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தம் செய்யும், பசித்தால் செத்துவிடும், பத்து நாளைக்கு வெல்லம் போட்டால் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னார். அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார். பத்து நாளுக்குப் பிறகு வெல்லத்தை நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் கருத்தையா என் மேசைக்கு வந்து, "கணக்கரய்யா, அவிய இன்னைக்குச் சரியாச் சாப்பிடல," என்றார்.

முதலாளியின் சம்பந்தி வீட்டார் அன்று வந்திருந்தார்கள். நான் அவர்களைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஏன், சாப்பாடு நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"கஞ்சி நல்லாத்தான் இருக்கு. காத்துதான் பத்தல. ப்ளோயர் பெல்ட்டு லூசு."

சம்பந்தி வீட்டாருக்கு ப்ளோயர் எதற்கு என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் விளக்கினார். "தொட்டியில இருக்காவள்ல, அவியளச் சொல்லுதேன்."

எங்கள் பக்கத்தில் 'அவிய' என்பது கணவரையும் மாமனாரையும் ஊர்ப் பெரியவர்களையும் சொல்லும் சொல். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீளமுள்ள ஒன்றுக்கு ராஜபாளையத்தில் வேறு யாரும் இந்த மரியாதையைக் கொடுத்ததாக எனக்குத் தகவல் இல்லை.

வேலையில் அவர் குறை வைக்கவில்லை. ஒரு லிட்டர் கண்ணாடிச் சாடியில் தொட்டித் தண்ணீரை மொண்டு வைத்து, வண்டல் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார். வண்டல்தான் பாக்டீரியாக்கள் திரண்ட உருவம். அது காப்பித்தூள் நிறத்தில் இருந்து, மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் அவிய நலம். கறுத்து நாறினால் நலமில்லை. ஐந்து வருடத்தில் ஒரு தடவைதான் கறுத்தது. அன்று மின்சாரம் நெடுநேரம் இல்லை; கருத்தையா மதியம் சாப்பிடவில்லை.

2020-ல் ஊரடங்கு வந்தது. பேண்டேஜ் துணி அத்தியாவசியப் பொருள் என்பதால் ஆலை ஓடியது. சேத்தூரிலிருந்து வண்டியில் வந்த கருத்தையாவை ஒரு போலீஸ்காரர் நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டார். "அவியளுக்குச் சாப்பாடு குடுக்கணும்யா, எனக்காகக் காத்துக் கெடப்பாவ," என்றார் கருத்தையா. எத்தனை பேர் என்று போலீஸ்காரர் கேட்டதற்குக் கோடிக்கணக்கில் என்று உண்மையைச் சொன்னார். போலீஸ்காரர் முகக்கவசத்தைச் சரியாகப் போடச் சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் முதல் கேள்வியே கேட்கவில்லை.

இனி வெள்ளிக்கிழமை. எங்கள் பக்கத்து ஆலைகளில் வெள்ளிதோறும் ராகு காலத்துக்கு முன் பூசை போடுவார்கள். பாய்லர், எந்திரங்கள், எடைத் தராசு, பணப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துச் சூடம் காட்டி, ஆட்களுக்குப் பொரிகடலை கொடுப்பார்கள். கருத்தையா ப்ளோயருக்கும் சந்தனம் வைத்தார். பிறகு, எல்லாருக்கும் பொரிகடலை இருக்கிறதே, அவியளுக்கு என்ன என்று யோசித்தார். பொரிகடலை தொட்டியில் மிதக்கும். எனவே ஒரு கிலோ வெல்லத்தைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்றினார். கோயம்புத்தூர்க்காரர் ஊற்றியதும் வெல்லம்தானே.

சனிக்கிழமை சாடியில் வண்டல் உப்பி நின்றது. "குண்டாயிட்டாவ," என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினார். அவர் சொன்னது சரி. அதன்பின் வருடத்துக்கு வருடம் வெல்லம் ஏறியது. முதலாளி தடுக்கவில்லை. பூசைக்குச் செலவழிப்பதைத் தடுப்பது வழக்கமில்லை.

கருத்தையாவின் மனைவி குருவம்மாள் சேத்தூரில் வீட்டு முன்னால் இட்லிக் கடை வைத்திருந்தார். தினமும் ஒரு அண்டா மாவு புளிக்க வைத்தார். அதுவும் பாக்டீரியா வேலைதான். ஆனால் குருவம்மாள் அவற்றை அவிய என்று சொன்னதில்லை. "மாவு பொங்கிட்டு" என்பதோடு சரி. மார்கழிக் குளிரில் மாவு பொங்காவிட்டால் அண்டாவைச் சாக்கால் மூடி, "சனியனுக்குக் குளுருதாம்ல," என்பார்.

2024 ஜூன் 14, வெள்ளி. மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் வண்டி மதியம் மூன்று மணிக்கு வந்தது. எங்கள் பக்கத்து ஆலைகளுக்கு அவர்கள் வண்டி ஒதுக்கப்பட்ட நாள் வெள்ளிக்கிழமை. தொட்டியைத் தாண்டி வெளியேறும் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீரில் மிச்சமிருக்கும் அழுக்கைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் வேண்டும் என்று அளப்பார்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். எங்களுடையது எண்பத்தெட்டு என்று கடிதம் வந்தது.

கருத்தையா கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "மெலிஞ்சிட்டாவ போல," என்றார். வெல்லம் பத்து கிலோவானது.

ஆகஸ்ட் 2, மறுபடி வெள்ளி, மறுபடி மூன்று மணி, மறுபடி ஒரு கேன். நூற்றுப் பன்னிரண்டு. வெல்லம் பதினைந்து கிலோவானது.

இரண்டாவது கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. மூன்றாவது முறையும் வரம்பு மீறினால் மின் இணைப்பைத் துண்டிக்கப் பரிந்துரை செய்யப்படும். சீதாபதி ராஜா அதை இரண்டு தடவை படித்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் தொடக்கம் தெலுங்கில் இருக்கும்.

"ஏமய்யா கருத்தையா, என்ன நடக்குது அங்க?"

"நல்லாத்தான் கவனிக்கேன் மொதலாளி."

"நல்லாக் கவனிச்சு நூத்திப்பன்னெண்டா? மதுரையில ஒரு கம்பெனி இருக்கு. தொட்டியைக் குத்தகைக்கு எடுத்துப் பாத்துக்கிடுவாங்களாம். அவங்களே ஆள் போடுவாங்க. அடுத்த கேன்லயும் தவறிச்சுன்னா அவங்ககிட்டக் குடுத்துருவேன். பொறவு உனக்கு இங்க எடமில்ல. அந்தக் கைய வச்சுக்கிட்டு ஜிகர்லயும் நிக்க முடியாது பாத்துக்க."

கருத்தையா வலது கையால் இடது கையை மூடிக்கொண்டு, "சரி மொதலாளி," என்றார். தொட்டிக்குப் போனார். அன்று சாடியில் மூன்று தடவை மொண்டு பார்த்தார். வண்டல் மூன்று தடவையும் நன்றாகவே இருந்தது. அதுதான் அவருக்குப் புரியவில்லை.

வெல்லம் வாங்குவது ராஜபாளையம் பஜாரில் சேக் முகைதீன் பாய் கடையில். பதினைந்து கிலோவாக உயர்ந்த இரண்டாவது வாரம் பாய் எடை போடாமல் தராசில் கை வைத்துக்கொண்டு நின்றாராம். இதைக் கருத்தையா என்னிடம் சொன்னார், பாயும் பிறகு சொன்னார், இரண்டும் ஒத்துப்போயின.

"ஏலே கருத்தையா, உள்ளதச் சொல்லு. ஊறல் போடுதியா?"

"பாய், என்ன பேச்சு இது?"

"வாரம் பதினஞ்சு கிலோ வெல்லம். பொங்கலும் இல்ல, கல்யாணமும் இல்ல. மலை பக்கத்துலதான் இருக்கு. நாளைக்குப் போலீசு வந்து வெல்லம் எந்தக் கடைன்னு கேட்டா நான் தாடிய வச்சுக்கிட்டு ஸ்டேசன்ல உக்காரணுமா?"

"சாராயத்துக்கு இல்ல பாய். அவியளுக்கு."

"எவியளுக்கு?"

"பாக்டீரியாவுக்கு."

பாய் வெல்லத்தைக் கொடுத்துவிட்டார். ஆனால் நம்பவில்லை. அவர் மகள் சப்ரீன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பாடம் நடத்துகிறவர். அன்று வீட்டில், பாக்டீரியா வெல்லம் தின்னுமா என்று பாய் கேட்டார். தின்னும், ஆனால் வாரம் பதினைந்து கிலோ தின்கிற பாக்டீரியாவை நான் பார்க்க வேண்டும் அத்தா என்று மகள் சொன்னார். இப்படித்தான் செப்டம்பர் 18, புதன்கிழமை, கல்லூரி முடிந்ததும் அவர் ஸ்கூட்டரில் ஆலைக்கு வந்தார்.

தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். நடைமுறையைக் கேட்டார். கைப்பையிலிருந்து அயோடின் குப்பியை எடுத்தார். பேண்டேஜ் ஊரில் அயோடினை அறியாதவர் இல்லை. ஆனால் அதைத் தண்ணீருக்குப் போட்டு நாங்கள் பார்த்ததில்லை. தொட்டிக்குள் போகும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். மை போலக் கருநீலமானது. கஞ்சி இருந்தால் அப்படி ஆகும் என்றார். வெளியேறும் தண்ணீரில் விட்டார். இளமஞ்சளாகவே இருந்தது.

"கஞ்சி இல்ல," என்றார் சப்ரீன். "சுத்தமாத் தின்னிருக்கு. தொட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி."

"அததான் நானும் சொல்லுதேன்," என்றார் கருத்தையா. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒருவர் அவர் பேச்சை ஒத்துக்கொண்டிருந்தார்.

"வெல்லம் என்னைக்குப் போடுவீங்க?"

"வெள்ளிக்கிழம."

"அவங்க தண்ணி எடுக்க வர்றது?"

"அதுவும் வெள்ளிக்கிழமதான்."

சப்ரீன் குப்பியை மூடினார். வெள்ளிக்கிழமை கல்லூரியில் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பூசை முடிந்தது. பதினைந்து கிலோ வெல்லம் தொட்டிக்குள் போனது. மூன்று மணிக்கு சப்ரீன் வந்து வெளியேறும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். கருநீலம். கருத்தையா குப்பி மாறியிருக்கும் என்றார். சப்ரீன் மறுபடி விட்டார். மறுபடியும் கருநீலம்.

தொட்டி ஓரத்தில் ஒரு கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து சப்ரீன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, இதுல ஒவ்வொண்ணுக்குள்ளயும் ஒரு நீளமான எழுத்து இருக்கு. எல்லா வேலைக்கும் அதுலதான் எழுதியிருக்கு. மரபணும்பாங்க. கஞ்சி பெருசு, அப்படியே உள்ள போகாது. வெட்டணும். வெட்டுறதுக்கு ஒரு கத்திரி மாதிரி நொதி வேணும். அத எப்படிச் செய்யணும்னும் அந்த எழுத்துல ஒரு பக்கம் இருக்கு. ஆனா எப்பப் பாத்தாலும் செஞ்சுக்கிட்டே இருக்காது. செய்யச் செலவாகும்ல. தேவைப்பட்டாத்தான் அந்தப் பக்கத்தப் படிக்கும்."

"சரி."

"வெல்லம் கெடைச்சா கத்திரி எதுக்கு? லேசா உள்ள இழுத்துக்கலாம். அப்படி உள்ள சர்க்கரை நெறஞ்சா, ஒரு புரதம் போயி அந்தக் கத்திரிப் பக்கத்துக்குத் தலைமாட்டுல உக்காந்துக்கிடும். அது உக்காந்திருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தப் படிக்க முடியாது. படிக்கலைன்னா கத்திரி இல்ல. கத்திரி இல்லைன்னா கஞ்சி அப்படியே வெளிய போயிரும்."

கருத்தையா யோசித்தார். "போயி உக்காருன்னு யாரு சொல்லுதா? அவியளுக்கு மூளை உண்டுமா?"

"மூளை இல்ல. சர்க்கரைதான் சொல்லுது. சர்க்கரை உடையும்போது உள்ள ஒரு சரக்கு கூடும். அது கூடுனா அந்தப் புரதம் போயி ஒட்டும். கொறஞ்சா விட்டுரும். அம்புட்டுதான்."

"பந்தியில மொதல்லயே பால்கோவா வச்சா எவன் சோறு திம்பான், அந்த மாதிரி."

"கிட்டத்தட்ட. ஆனா பந்தியில உக்காந்தவன் யோசிச்சு வேண்டாம்பான். இது யோசிக்காது. சோறு திங்குற வாயே அந்நேரத்துக்கு இருக்காது."

"வெல்லம் தீந்துட்டா?"

"தீந்தா அந்தப் புரதம் எந்திரிச்சுரும். ஆனா எந்திரிச்சவொடனே கத்திரி வந்துராது. பொறவுதான் படிக்கணும், செய்யணும், வெளிய விடணும். அதுக்குள்ள உங்க கஞ்சி ஓடைக்குப் போயிரும். நாளைக்குப் பாத்தீங்கன்னா பழையபடி நல்லாயிருக்கும்."

கருத்தையா தொட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கரண்டு போனா செத்த நேரத்துல அவிய வாசம் மாறும். அதுவும் இப்படித்தானா?"

"அதுவும் இப்படித்தான். காத்து கொறைஞ்சது தெரிஞ்சு வேற பக்கத்தத் திறக்கும். சூடு கூடுனா ஒரு பக்கம், காரம் கூடுனா ஒரு பக்கம். எல்லாத்துக்கும் எழுதி வச்சிருக்கு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல அவிய படிக்க மாட்டாவ."

தான் அவிய என்று சொன்னதை சப்ரீன் கவனித்ததாகத் தெரியவில்லை. கருத்தையா கவனித்தார்.

"சனிக்கிழம குண்டாயிருவாவளே, அது?"

"சர்க்கரை தின்னாப் பெருகத்தான் செய்யும். வேலை செய்யாமப் பெருகும்."

"அப்ப கெடுத்தது நான்."

"வெல்லம்," என்றார் சப்ரீன்.

"வெல்லத்தப் போட்டது?"

சப்ரீன் அயோடின் குப்பியைப் பைக்குள் வைத்து, பையின் ஜிப்பை இழுத்து மூடி, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். மழை வரவில்லை.

முதலாளியிடம் யாரும் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அடுத்த வியாழன் மாலை, மறுநாள் வண்டி வருகிறது என்று செய்தி வந்தது. மூன்றாவது கேன்.

கருத்தையா அன்று மாலையும் பாய் கடைக்குப் போய்ப் பதினைந்து கிலோ வெல்லம் வாங்கினார். போடக் கூடாது என்று தெரிந்துதான் வாங்கினார். சேத்தூருக்குக் கொண்டுபோய் இட்லிக் கடை முன்னால் இறக்கினார். அங்கே நடந்ததைக் குருவம்மாள் சொன்னபடி எழுதுகிறேன். அவர் சொல்வதில் சுருக்கம் கிடையாது, நான் சுருக்கியிருக்கிறேன்.

"போடக் கூடாதுன்னு பாய் மக சொல்லிட்டாள்ல. பொறவு எதுக்கு இம்புட்டு?"

"வெறுங்கையோட எப்படிட்டி போறது? எல்லாத்துக்கும் பூசை நடக்கும். பாய்லருக்குத் தேங்கா உடைப்பாவ. அவிய பாத்துக்கிட்டு இருப்பாவ."

"போட்டா வேல போயிரும்."

"தெரியும்."

"போடலைன்னா?"

"அஞ்சு வருசமா வெள்ளி தவறுனது கெடையாது. நாளைக்குன்னு பாத்துப் போடாம விட்டு, அதுல ஏதாவது ஆயிட்டா?"

குருவம்மாள் மாவு அண்டாவை மூடினார். "நான் ஒண்ணு கேக்கேன். மாரியம்மனுக்குப் பொங்க வைக்கோம். அம்மனா திங்குது? காட்டுதோம். பொறவு யாரு திங்கா? நீங்க ரெண்டு தடவ வாங்கித் திங்கிய. சாமிக்கே காட்டுனாப் போதும். உங்க அவியளுக்கு மட்டும் வாயில ஊட்டி விடணுமாக்கும். சாமிக்கு மேல ஆளுகளா அவிய?"

கருத்தையா மூட்டையை உள்ளே தூக்கிப் போனார். வெல்லத்தைத் திண்டுபோல் தலைக்கருகில் வைத்துக்கொண்டு படுத்தார் என்று குருவம்மாள் சொன்னார். எறும்பு வந்ததாகவும் சொன்னார்.

செப்டம்பர் 27, வெள்ளி. பத்து மணிக்குப் பூசை. பாய்லருக்கு ஆனது. ஜிகர்களுக்கு ஆனது. தராசுக்கும் என் மேசைக்கும் ஆனது. சீதாபதி ராஜா கடைசியாகத் தொட்டிக்கு வந்தார். எல்லா வாரமும் அவர் தொட்டி வரை வருவதில்லை. கருத்தையா ஒரு பெரிய தாம்பாளத்தில் வெல்லத்தைக் குவித்து வைத்திருந்தார். கரைக்கவில்லை.

"இன்னும் கரைக்கலையா? வண்டி மூணு மணிக்கு வந்துரும். சீக்கிரம் ஊத்து. வேணும்னா இன்னும் ரெண்டு கிலோ வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?" என்றார் முதலாளி.

"இன்னைக்கு ஊத்தல மொதலாளி."

"ஏமி?"

"காட்டத்தான் செய்வேன்."

முதலாளி அவரைப் பார்த்தார். ஆட்கள் நாற்பத்து மூன்று பேரும் பின்னால் நின்றார்கள். யாரோ இருமினார்கள்.

"இது மூணாவது தடவ. அஞ்சு வருசமா ஊத்திட்டு, இன்னைக்குப் போயி நிறுத்துறேங்குற. தவறிச்சுன்னா என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும் மொதலாளி. நான் வீட்டுக்குப் போவேன்."

"பொறவு?"

"பொறவும் ஊத்த மாட்டேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். அவருக்கு விளக்கம் வேண்டியிருந்தது. கத்திரிப் பக்கம், தலைமாட்டில் உட்காரும் புரதம் என்று நான் தொடங்கினேன். ராகு காலம் நெருங்குகிறது என்று அவர் சொல்லிவிட்டார்.

கருத்தையா தாம்பாளத்தை மடங்காத விரல்களும் சேர இரண்டு கையாலும் தூக்கினார். தொட்டியின் விளிம்பில் நின்று மூன்று சுற்றுக் காட்டினார். ஒரு துண்டு விளிம்பிலிருந்து சரிந்தது. அதைத் தாம்பாளத்தைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். தொட்டிக்குள் ஒரு பொட்டும் விழவில்லை. பிறகு திரும்பி ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். ஆளுக்குக் கால் கிலோவுக்கு மேல் வந்தது. இருவருக்குச் சர்க்கரை நோய், வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

மூன்று மணிக்கு வண்டி வந்தது. கேன் நிறைந்தது. மூடி போட்டு, முத்திரை வைத்து, பெயர் எழுதி எடுத்துக்கொண்டு போனார்கள். வண்டி வாசலைத் தாண்டியதும் கருத்தையா தன் பையிலிருந்து ஒரு சின்ன அயோடின் குப்பியை எடுத்தார். மருந்துக் கடையில் வாங்கியிருக்கிறார். அதற்கு என்னிடம் ரசீது தரவில்லை. வெளியேறும் தண்ணீரில் இரண்டு சொட்டு விட்டார். இளமஞ்சள். அதை யாரிடமும் காட்டாமல் கீழே ஊற்றிவிட்டு ப்ளோயர் பெல்ட்டைப் பார்க்கப் போனார்.

அடுத்த வெள்ளியிலிருந்து ஒரு கிலோ வெல்லம், காட்டுவதற்கு மட்டும். சேக் முகைதீன் பாய் என்னை பஜாரில் பார்த்தபோது, "எம் மவளப் படிக்க வச்சதுல எனக்கு வாரம் பதினாலு கிலோ யாவாரம் போச்சு கணக்கரே," என்றார். அவர் சொன்ன எடை சரியாக இருந்தது.

முடிவு வரத் தாமதமானது. முதலாளி மதுரைக் கம்பெனிக்காரர்களை ஒரு நாள் வரச் சொல்லித் தொட்டியைக் காட்டினார். அவர்கள் அளந்தார்கள், படம் எடுத்தார்கள், பாக்டீரியாத் தூள் என்று ஒரு பொட்டலத்தைக் காட்டினார்கள். கருத்தையா அவர்களுக்கு மோர் வாங்கிக் கொடுத்தார். அவர்கள் போனபின் என்னிடம், "அவிய நம்ம அவியளுக்கு ஒத்துக்கிடுவாவளா?" என்று கேட்டார். முதல் அவிய பொட்டலத்தில் இருந்தவை. எனக்குத் தெரியாது என்றேன்.

தினமும் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவர் தொட்டியிலிருந்து வந்து என் மேசைக்கு எதிரே நின்றுவிட்டுப் போவார். கேட்க மாட்டார். இல்லை என்று நான் சொல்வேன். போய்விடுவார்.

கடிதம் பதிவுத் தபாலில் வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி, உறையைக் கத்தரித்து முதலாளியிடம் கொடுத்தேன். கருத்தையா வாசலில் நின்றார். முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். இருபத்து நான்கு. வரம்புக்குள் உள்ளது, மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறது.

"இந்தத் தடவ தொட்டியில என்ன போட்ட?" என்று முதலாளி கேட்டார்.

"ஒண்ணும் போடல மொதலாளி."

முதலாளி கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். "மதுரைக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம்னு சொல்லிருங்க. கருத்தையா, நீ ஒண்ணும் போடாம அங்கேயே இரு. அதுக்குத்தான் சம்பளம்."

"சரி மொதலாளி. அவியகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாரேன்," என்று கருத்தையா பின்புறம் போனார்.

கடிதம் வந்த தேதி 22-10-2024, செவ்வாய்க்கிழமை.